கிங் பெருமகனார் நினைவும் தொண்டு நெறியும்

உலகிற்கு நலம் புரிந்து மறைந்த பெரியோரை நினைவுகூரும் முறை மூவகைப்படும். அவர்தம் வடிவத்தைக் கல்லினும் செம்பினும் அமைத்து நிறுவுதல் ஒன்று. அவர் பிறந்த நாளை விழவாகக் கொண்டு அவர் புகழை எடுத்தோதுதல் மற்றொன்று. அவர் செய்து முற்றுப்பெறாமல் விட்டுச்சென்ற பணியைத் தம்முடைய பணியாக மேற்கொண்டு செய்தல் பிறிதொன்று. முன்னைய இரண்டும் பொருளுடையார்க்கும் சொல்வன்மையுடையார்க்கும் எளியன. மூன்றாவதோ, வறியார்க்கும் கல்லாதார்க்கும் இயல்வதாயினும், செய்வாரை உலகிற் காண்டல் அரிது. அம்மூன்றாம் முறையையே ஒரு பெரிய நாடு தன் சட்டத்தினாற் போற்றியதொரு வரலாறு உண்டு. அஃது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கறுப்பின மக்களின் உரிமைக்காக உழைத்து உயிர்நீத்த மார்ட்டின் லூதர் கிங் என்னும் பெருமகனாரைப் பற்றியது. அவர் பெயரால் ஆண்டுதோறும் ஜனவரித் திங்களின் மூன்றாவது திங்கட்கிழமை அந்நாட்டில் விடுமுறை நாளாகவும், அதனோடு தொண்டு நாளாகவும் கொள்ளப்படுகின்றது. இவ்விரண்டும் ஒரு நாளிற் கூடிய காரணத்தை ஆராயின், அவர் வாழ்வின் உட்பொருள் விளங்கும்.

கிங் பெருமகனார் 1929ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் ஜார்ஜியா மாகாணத்து அட்லாண்டா நகரிற் பிறந்தார். அவருடைய தாய்வழிப் பாட்டனாரும், பின்னர்த் தந்தையாரும், அந்நகரத்து எபநேசர் பாப்திஸ்து தேவாலயத்தின் போதகராய் விளங்கியவர்கள். அக்காலத்து அந்நாட்டின் தென்மாகாணங்களிற் கறுப்பின மக்களின் நிலை இரங்கத்தக்கதாயிருந்தது. அடிமை முறை 1865ஆம் ஆண்டிலேயே ஒழிக்கப்பட்டதாயினும், வெள்ளையர்க்கு வேறு, கறுப்பினத்தார்க்கு வேறு என இடம் பிரித்து வைத்தல் சட்டத்திற்கு மாறன்று என்று 1896ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது. அதனாற் பள்ளியும் உணவு விடுதியும் புகைவண்டியும் தண்ணீர்க் குழாயுங்கூட இருவகையாயின. இந்நிலையிற் பிறந்த கிங், மோர்ஹவுஸ் கல்லூரியில் 1948ஆம் ஆண்டிலும், குரோசர் சமயக் கல்லூரியில் 1951ஆம் ஆண்டிலும் பட்டம் பெற்று, 1955ஆம் ஆண்டிற் போஸ்டன் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேரறிஞர் பட்டமும் பெற்றார். குரோசரிற் பயிலுங் காலத்து, இந்தியா சென்று மீண்ட ஹோவர்டு பல்கலைக்கழகத் தலைவர் மார்டிக்காய் ஜான்சன் காந்தியடிகளைக் குறித்து ஆற்றிய சொற்பொழிவொன்று அவர் உள்ளத்தை ஈர்த்தது. அன்று தொட்டுக் காந்தியடிகளைப் பற்றிய நூல்களை வாங்கிக் கற்கலானார்.

அக்கல்வி செயலாக மலர்தற்கு இடமாயது அலபாமா மாகாணத்து மான்ட்கோமரி நகரம். அந்நகரத் தேவாலயம் ஒன்றின் போதகராக அவர் 1954ஆம் ஆண்டில் அமர்ந்தார். 1955ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள், தையல் தொழில் செய்து வந்த ரோசா பார்க்ஸ் என்னும் அம்மையார், பஸ்ஸில் வெள்ளையர் ஒருவர்க்குத் தம் இருக்கையை விட்டுக் கொடுக்க மறுத்தமையாற் சிறைப்படுத்தப்பட்டார். அன்றிரவே, ஜோ ஆன் ராபின்சன் என்னும் ஆசிரியை, மாணவர் இருவர் துணைகொண்டு, பஸ் ஏறாதிருக்க வேண்டி ஆயிரக்கணக்கான துண்டு வெளியீடுகளைக் கண்விழித்துப் படியெடுத்தார். டிசம்பர் 5ஆம் நாள் தொடங்கிய பகிஷ்காரம் 381 நாள் நடந்தது. இருபத்தாறு வயதே நிரம்பிய கிங் அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1956 ஜனவரி 30ஆம் நாள் அவர் வீட்டில் வெடிகுண்டு எறியப்பட்டது. மனைவியாரும் கைக்குழந்தையும் உள்ளிருந்தும் உயிர் தப்பினர். சினங்கொண்டு படைக்கலங்களுடன் திரண்ட மக்களை, பகைவரையும் அன்பு செய்க எனக்கூறி அவர் வீடு திரும்பச் செய்தார். அவ்வாண்டு நவம்பர் 13ஆம் நாள், பஸ்ஸில் இடம் பிரித்தல் அரசியற் சட்டத்திற்கு மாறானது என்ற முடிபை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இவ்வெற்றியை எண்ணுவோர் பெரும்பாலும் தலைவரது சொல்வன்மையையும் நீதிமன்றத் தீர்ப்பையுமே எண்ணுவர். அவற்றினும் உற்று நோக்கத்தக்கது ஒன்று உளது. பஸ்ஸை விட்ட மக்கள் ஓராண்டிற்கு மேலாகத் தம் தொழிலிடங்கட்குச் சென்று மீண்டது எவ்வாறு? பலர் நாள்தோறும் பல கல் தொலைவு நடந்தனர். ஏனையோரை ஏற்றிச் செல்லுதற்கென ஏறத்தாழ 300 வண்டிகளை அம்மக்களே ஒழுங்குபடுத்தினர். தேவாலயங்கள் தத்தம் பெயரால் வண்டி வாங்கி ஓட்டின. இவற்றிற்கு வேண்டும் எண்ணெய்ச் செலவு பொருட்டுச் சமையற்றொழில் செய்து வந்த ஜார்ஜியா கில்மோர் என்னும் அம்மையார், தம்போன்ற எளிய மகளிர் சிலரைச் சேர்த்து, அப்பமும் பணியாரமும் சுட்டு விற்று, வந்த பொருளைப் பொதுக்கூட்டந்தோறும் அளித்து வந்தார். கொடுத்தவர் பெயர் வெளிப்படின் அவர் வேலை இழப்பர். ஆதலின், எங்கிருந்தும் வாராத பொருள் என்னும் கருத்துப்படத் தம் குழுவிற்கு ஒரு பெயரும் வைத்தனர். நீதிமன்றத்திற் கிங் பெருமகனார் சார்பிற் சான்று கூறியமையாற் கில்மோர் அம்மையார் தம் வேலையை இழந்தார். அதன்பின் கிங் தந்த ஊக்கத்தால் தம் வீட்டையே உணவுச்சாலையாக்கி ஊரார்க்கு அமுதளித்தார். 1990ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், உரிமைப் போராட்டத்து நடைப்பயணம் ஒன்றின் இருபத்தைந்தாம் ஆண்டு நினைவாக நடப்போர்க்கென உணவு சமைத்த அந்நாளிலேயே அவர் உயிர் நீத்தார். அவ்வுணவே அவர் பொருட்டு இரங்க வந்தார்க்குப் பரிமாறப்பட்டதென்ப. தொண்டு என்பது போராட்டம் முடிந்தபின் சேர்க்கப்பட்ட அணிகலனன்று. போராட்டத்தைத் தாங்கி நின்ற தூணே அஃது என்பது இவ்வம்மையார் வரலாற்றாற் போதரும்.

மான்ட்கோமரி வெற்றியின் பின்னர், 1959ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் கிங் பெருமகனார் தம் மனைவியார் கொரெட்டா அம்மையாருடன் தில்லி வந்திறங்கினார். ஒரு திங்கள் இந்நாட்டிற் சுற்றினார், நேருவைக் கண்டார், பூமிதானப் பணியில் நடந்து வந்த வினோபாவைக் கண்டார். தமிழ்நாட்டிற் சென்னையும் மதுரையும் கண்டதோடு, 1947ஆம் ஆண்டிற் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனாரும் திண்டுக்கல்லை அடுத்து நிறுவிய காந்திகிராமத்திற்கும் சென்றார். திருவனந்தபுரமும் குமரிமுனையும் கண்டு மீண்டார். காந்தியடிகளின் நெறிக்கு இரண்டு கை உண்டு. தீமையோடு ஒத்துழையாமை ஒரு கை. நூற்றல், கல்வி, துப்புரவு, தீண்டாமை ஒழிப்பு முதலிய நிர்மாணப் பணி மற்றொரு கை. முதற்கையைக் கிங் நூல்வழி அறிந்து கையாண்டவர். இரண்டாங் கை தொழிற்படுமாற்றைக் காந்திகிராமம் போன்ற இடங்களில் நேரிற் காணும் வாய்ப்பு இப்பயணத்தால் அவர்க்கு நேர்ந்தது.

இப்பயணத்து நிகழ்ந்த ஒன்றை 1965ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் எபநேசர் தேவாலயத்து அறவுரையில் அவர் எடுத்துரைத்தார். திருவனந்தபுரத்தில், தீண்டப்படாதார் எனப்பட்டோர் பிள்ளைகள் பயின்ற பள்ளியொன்றின் தலைமையாசிரியர், அமெரிக்காவினின்று வந்த தீண்டப்படாதார் ஒருவர் என்றே அவரைப் பிள்ளைகட்கு அறிமுகப்படுத்தினாராம். முதற்கண் அச்சொல் அவர்க்கு வருத்தந் தந்தது. பின்னர், தம் நாட்டில் வறுமையினும் ஒதுக்கப்பட்ட குடியிருப்பினும் அடைபட்டுக் கிடக்கும் இரண்டு கோடி உடன்பிறந்தாரை எண்ணி, தாமும் அத்தகையரே எனத் தெளிந்தாராம். தம்மைத் தாழ்ந்தாரோடு ஒருவராக எண்ணுதல் எளிதன்று. அவ்வெண்ணம் உள்ளத்தில் ஊன்றிய பின்னரே தொண்டு உண்மைத் தொண்டாகும். அன்றேல் அது கொடை என்னும் பெயரிற் செருக்காகவே முடியும்.

1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் வாஷிங்டன் நகரில் ஏறத்தாழ 2,50,000 மக்கள் திரண்ட பேரணியும், 1964ஆம் ஆண்டின் உரிமைச் சட்டமும், 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டமும் அவர் புகழை உலகெங்கும் பரப்பின. 1964ஆம் ஆண்டில் நோபல் அமைதிப் பரிசு பெற்றபொழுது அவர்க்கு வயது முப்பத்தைந்து. பரிசுப் பொருளாகிய ஏறத்தாழ 54,000 டாலர் முழுவதையும் உரிமை இயக்கத்திற்கே அளித்தார். இத்துணைப் புகழும் எய்திய அவர், தம்மை எவ்வாறு நினைவுகூர வேண்டுமெனத் தாமே கூறிச் சென்றுள்ளார். 1968ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் எபநேசர் தேவாலயத்தில் ஆற்றிய அறவுரையில், தாம் இறந்த நாளிற் பேசுவோர் நோபல் பரிசையும் பிற பரிசுகளையும் சொல்ல வேண்டா. பசித்தார்க்கு உணவும் உடையிலார்க்கு உடையும் அளிக்கவும், சிறைப்பட்டாரைச் சென்று காணவும், மக்கட்குத் தொண்டு புரியவும் இவன் முயன்றான் என்பதே போதும் என்றார். பெருமையடைதற்குப் பட்டமும் புலமையும் வேண்டா, அருளுள்ளம் ஒன்றே வேண்டும். தொண்டு செய்தல் யாவர்க்கும் இயலுமாதலின் பெருமையும் யாவர்க்கும் எய்தும் என்பது அவ்வறவுரையின் சாரம்.

அவ்வறவுரைக்கு மூன்று நாள் முன்னர், பிப்ரவரி 1ஆம் நாள், டென்னசி மாகாணத்து மெம்பிஸ் நகரிற் குப்பை அள்ளும் தொழிலாளராகிய எக்கோல் கோல், இராபர்ட் வாக்கர் என்னும் இருவர், மழைக்கு ஒதுங்கக் குப்பை வண்டியின் பின்புறத்தே புகுந்திருந்தபொழுது, குப்பையை நசுக்கும் பொறி பழுதினால் இயங்கியமையின் நசுங்கி மாண்டனர். பிப்ரவரி 12ஆம் நாள் ஏறத்தாழ 1,300 தொழிலாளர் வேலை நிறுத்தஞ் செய்தனர். தாமும் மனிதரே என்னும் பொருள்பட எழுதிய பலகைகளைத் தாங்கி அவர்கள் நாள்தோறும் வீதியில் நடந்தனர். கிங் பெருமகனார் மார்ச்சு 18ஆம் நாள் அங்குச் சென்று, குப்பை அள்ளுவார் தம் தொழிலைச் செய்யாதொழியின் நோய் பெருகுமாதலின், அவர் மருத்துவரோடு ஒத்த சிறப்புடையர் என்றும், எல்லாத் தொழிலும் மேன்மையுடையன என்றும் உரைத்தார். வீதி பெருக்குவோன், பேரோவியர் ஓவியந் தீட்டுமாறு போலத் தன் வீதியைப் பெருக்குக என்று முன்னர்ப் பல இடங்களில் அவர் சொன்னதுண்டு. மெம்பிஸிலோ, அவ்வாறு பெருக்குவோனுக்கு வயிறார உண்ணத்தக்க கூலியும் கொடுக்க என்று உலகை நோக்கிக் கேட்டார். இவ்விரண்டும் சேர்ந்தே அவர் கோட்பாடு முழுமை பெறும்.

ஏப்ரல் 4ஆம் நாள் மாலை மெம்பிஸ் விடுதியொன்றின் மேன்மாடத்தில் நின்றபொழுது அவர் சுடப்பட்டு இறந்தார். வயது முப்பத்தொன்பது. நான்கு நாள் கழிந்து, ஏப்ரல் 8ஆம் நாள், கணவரை இன்னும் அடக்கஞ் செய்யாத நிலையிற் கொரெட்டா அம்மையார் தம் மக்களுடன் மெம்பிஸ் சென்று, கணவர் நடத்தக் கருதியிருந்த ஊர்வலத்தைத் தாமே முன்னின்று அமைதியாக நடத்தினார். மறுநாள் அட்லாண்டாவில் இறுதிக்கடன் நிகழ்ந்தது. பிப்ரவரி அறவுரையின் ஒலிப்பதிவு ஆங்கு ஒலிக்கப்பட்டது. உழவர் பூட்டும் கோவேறு கழுதைகள் இழுத்த மரவண்டியில் அவர் உடல் சென்றது. ஏப்ரல் 16ஆம் நாள் மெம்பிஸ் நகர ஆட்சியினர் தொழிலாளர் சங்கத்தை ஏற்றுக் கூலியையும் உயர்த்தினர். கிங் பெருமகனாரைத் தொண்டினால் நினைவுகூர்ந்த முதற்செயல் ஏப்ரல் 8ஆம் நாள் ஊர்வலமே என்க. சட்டம் பின்னர் வந்தது. அதற்கு வழிகாட்டியவர் துயருற்ற ஒரு மனைவியார்.

இனி, அச்சட்டம் வந்த வரலாறு காண்போம். அதே ஏப்ரல் 8ஆம் நாள், ஜான் கானியர்ஸ் என்னும் பிரதிநிதி, கிங் பிறந்த நாளை நாட்டு விடுமுறையாக்கும் மசோதாவைக் கொணர்ந்தார். அது பதினைந்தாண்டு நிறைவேறாது கிடந்தது. 1979ஆம் ஆண்டில் ஐந்து வாக்குக் குறைவினால் தோற்றது. விடுமுறையாற் செலவு மிகும் என்பர் சிலர். அரசுப் பதவி வகியாத ஒருவர்க்கு இத்தகைய சிறப்புத் தகாது என்பர் வேறு சிலர். கொரெட்டா அம்மையாரும் பிறரும் அறுபது இலட்சம் கையொப்பம் திரட்டினர். 1983ஆம் ஆண்டிற் பிரதிநிதிகள் சபையில் 338க்கு 90 என்றும், மேற்சபையில் 78க்கு 22 என்றும் வாக்குப் பெற்று மசோதா நிறைவேறியது. அவ்வாண்டு நவம்பர் 2ஆம் நாள் குடியரசுத் தலைவர் ரீகன் அதிற் கையொப்பமிட்டார். 1986 ஜனவரி 20ஆம் நாள் முதல் விடுமுறை கொண்டாடப்பட்டது. அரிசோனா மாகாணத்து மக்கள் 1990ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் அதனை மறுத்து, 1992ஆம் ஆண்டிலேயே ஏற்றனர். தென்கரோலினா 2000ஆம் ஆண்டில் ஏற்றபின்னரே எல்லா மாகாணங்களும் ஒருப்பட்டன.

விடுமுறை கிடைத்தபின் வேறொரு குறை தோன்றியது. உழைப்பாளர்க்காக உயிர் கொடுத்தவர் நாள், கடைவீதியிற் பொருள் வாங்கும் நாளாகவும், நெடுந்துயில் கொள்ளும் நாளாகவும் கழிதல் தகுமோ என நல்லோர் கவன்றனர். அக்கவலையினின்று எழுந்ததே 1994ஆம் ஆண்டின் சட்டம். அதனைக் கொணர்ந்தோர் இருவர். ஒருவர் ஜான் லூயிஸ். அவர் 1965ஆம் ஆண்டு மார்ச்சு 7ஆம் நாள் செல்மா நகரப் பாலத்தில் வாக்குரிமை வேண்டி நடந்தபொழுது, காவற்படையினர் அடித்தமையால் மண்டையோடு பிளவுண்டவர். மற்றொருவர் ஹாரிஸ் வோஃபோர்டு. வெள்ளையராகிய இவர், இளமையில் மனைவியாரோடு இந்தியா வந்து காந்தியடிகளின் நெறியை ஆராய்ந்து நூலெழுதியவர். கிங் இந்தியா செல்லுதற்கு ஊக்கமளித்தவர். குடியரசுத் தலைவர் கிளின்டன் 1994 ஆகஸ்டு 23ஆம் நாள் கையொப்பமிட, கிங் பெருமகனார் விடுமுறை நாள் தேசியத் தொண்டு நாளுமாயிற்று. வேலையினின்று நீங்கும் நாளன்று, வேலையில் ஈடுபடும் நாள் என்பது அந்நாளைப் பற்றிய வழக்குமொழி. வோஃபோர்டு உயிர் நீத்த 2019 ஜனவரி 21ஆம் நாளும் அத்தொண்டு நாளாகவே அமைந்தது.

அந்நாளில் மக்கள் பள்ளிச் சுவர்கட்கு வண்ணந் தீட்டுகின்றனர், பூங்காக்களையும் ஆற்றங்கரைகளையும் துப்புரவு செய்கின்றனர், உணவுப் பண்டங்களைத் தொகுத்து இல்லார்க்கு அனுப்புகின்றனர், முதியோர் இல்லங்கட்குச் செல்கின்றனர், குருதிக்கொடை அளிக்கின்றனர். கறுப்பினத்தாரும் வெள்ளையரும் பிறரும் ஒருங்கு நின்று ஒரு சுவருக்கு வண்ணந் தீட்டுதல், ஒரே பஸ்ஸில் ஒருங்கு அமர்தற்கே சிறை சென்ற நாட்டிற் சிறிய செயலன்று.

அற்றேல், ஒரு நாட் பணியால் ஆவதென்னை? அநீதியை எதிர்த்துப் பதின்மூன்றாண்டு போராடிய வீரரை, சுவருக்கு வண்ணமடித்து நினைவுகூர்தல் அவர் போராட்டத்தை மறக்கச் செய்யும் சூழ்ச்சியாகாதோ எனின், அவ்வாறு அந்நாட்டில் வினாவுவாரும் உளர். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. அதற்கு விடை கிங் பெருமகனார் சொல்லிலேயே உளது. வழியிற் கள்வரால் அடியுண்டு கிடந்தானுக்கு உதவிய சமாரியன் கதையை விவிலியத்தினின்று அவர் பலகால் எடுத்துரைப்பார். 1967 ஏப்ரல் 4ஆம் நாள் நியூயார்க்கு நகரில் அதனைக் கூறியபொழுது, அடியுண்டானுக்கு உதவுதல் தொடக்கமே ஆகும். செல்வார் யாவரும் அடியுண்ணாதவாறு அவ்வழியையே திருத்துதல் வேண்டும் என்றார். இறப்பதற்கு முந்திய நாளாகிய 1968 ஏப்ரல் 3ஆம் நாள் மெம்பிஸில் அதே கதையைக் கூறியபொழுதோ, உதவினால் எனக்கு என்னாகும் என்று எண்ணாது, உதவாதொழியின் இவர்க்கு என்னாகும் என்று எண்ணுக என்றார். முன்னையது நீதியின் மொழி. பின்னையது அருளின் மொழி. ஒன்றை விட்டு ஒன்றைக் கொள்வார் அவரைப் பாதியே கொண்டவராவர். வழியைத் திருத்துவேன் என்று கூறிக் கிடந்தானைத் தாண்டிச் செல்வோனும், கிடந்தானுக்கு மருந்திட்டு வழியை அவ்வாறே விட்டுச் செல்வோனும் தம்முள் ஒப்பர்.

ஆகவே ஒரு நாட்டொண்டின் பயன், அந்நாளில் முடிந்த வேலையின் அளவைப் பொறுத்ததன்று. வீதியைப் பெருக்கிய ஒருவன், மற்றை 364 நாளும் அவ்வீதியைப் பெருக்குவார் யார், அவர் பெறும் கூலி யாது, அவர் முதுமையில் உண்பது யாது எனக் கேட்கத் தொடங்குவானாயின், அந்நாள் பயன்பட்டது. கேளானாயின், வீதி ஒரு நாள் தூய்மையாயிற்று என்பதே எஞ்சும். அமெரிக்காவிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. 1968ஆம் ஆண்டு வேலை நிறுத்தஞ் செய்த மெம்பிஸ் தொழிலாளர்க்கு நகரத்தின் ஓய்வூதிய முறையிற் பங்கு இல்லாதொழிந்தமையின், அவருட் சிலர் முதுமையிலும் குப்பை வண்டியில் உழைத்தனர். விடுமுறையும் தொண்டு நாளும் ஆண்டுதோறும் வந்து சென்றன. 2017ஆம் ஆண்டு ஜூலைத் திங்களிலேதான் அந்நகர ஆட்சியினர், உயிரோடு எஞ்சியிருந்த பதினால்வர்க்கும் தலைக்கு 50,000 டாலர் அளிப்பதாக அறிவித்து, பின்னர் அத்தொகையை மிகுத்தனர். கிங் பெருமகனார் எவர் பொருட்டு மெம்பிஸ் வந்தாரோ, அவர் வீட்டுக் கதவை அவர்தம் நகரம் தட்டுதற்கு நாற்பத்தொன்பது ஆண்டு சென்றது. காலந் தாழ்த்ததாயினும் அதுவும் அவரை நினைவுகூர்ந்த செயலேயாம்.